மலையேறிய பாமாயில்

திருப்பதி லட்டின் நெய்யைப் பற்றி எழுந்த சந்தேகத்துக்குள், சித்தூர்க் கடலைக் கொல்லையிலிருந்து சுமத்ராவின் தோட்டங்கள் வரை நீளும் ஓர் எண்ணெய்க் கணக்கு ஒளிந்திருக்கிறது.

அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும் வண்டிகளைச் சற்று நேரம் கவனித்தால் ஒன்று புரியும். திருமலையில் விளைவது பக்தி மட்டும்தான். மற்ற எல்லாம் கீழேயிருந்து வந்தாக வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி, பால், சர்க்கரை, முந்திரி, பூ என்று இரவும் பகலும் சரக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. சேஷாசல மலைத்தொடரில் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூர், நாளொன்றுக்கு அறுபது எழுபதாயிரம் பேரை வரவேற்று, சோறு போட்டு, கையில் லட்டும் கொடுத்து அனுப்புகிறது. வைகுண்ட ஏகாதசி, பிரம்மோற்சவம் போன்ற நாட்களில் கூட்டம் லட்சத்தைத் தொடும்.

தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் காட்டும் வேங்கடம் இதுதான். மாநில எல்லை இன்று மலைக்குத் தெற்கே தள்ளிப் போய்விட்டது என்றாலும், தரிசன வரிசையில் தெலுங்குக்கு அடுத்தபடி காதில் விழுவது தமிழ்தான். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் திருத்தணி வழியாகவும் வரும் பக்தருக்கு வேறு மாநிலத்துக்கு வந்த உணர்வு பெரிதாக இருப்பதில்லை. ஊர் திரும்பியதும் அவர் செய்யும் முதல் வேலை, லட்டை உதிர்த்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது. மலைக்குப் போக முடியாதவர்களுக்கு மலை இப்படித்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் அந்த லட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்தபோது, அது கோயில் நிர்வாகத்தின் விவகாரமாக மட்டும் நிற்கவில்லை.

லட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. கோயில் மொழியில் அதற்குத் ‘திட்டம்’ என்று பெயர். 5,100 லட்டுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ பசு நெய், 30 கிலோ முந்திரி, 16 கிலோ உலர்திராட்சை, 8 கிலோ கற்கண்டு, 4 கிலோ ஏலக்காய். எல்லாம் சேர்த்து 803 கிலோ. கோயிலின் மடைப்பள்ளியைத் தெலுங்கில் ‘போட்டு’ என்கிறார்கள். அங்கே நாளொன்றுக்குச் சுமார் மூன்று லட்சம் லட்டுகள் உருண்டு திரள்கின்றன. தரிசனம் முடித்த ஒவ்வொருவருக்கும் ஒன்று இலவசம். கூடுதலாக வேண்டுமென்றால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 2009-ல் புவிசார் குறியீடும் பெற்ற பண்டம் இது.

இந்தத் திட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று லட்சம் லட்டுக்கு ஏறத்தாழ 10 டன் நெய் தேவை. ஒரு கிலோ பசு நெய் எடுக்க 25 லிட்டர் பாலாவது வேண்டும். அப்படியானால் லட்டுக்காக மட்டும் தினமும் இரண்டரை லட்சம் லிட்டர் பாலின் கொழுப்பு மலையேற வேண்டும். எந்த ஒரு ஊரின் தொழுவங்களும் தனியாகத் தாங்கக்கூடிய அளவல்ல இது. எனவே நெய் டெண்டர் விட்டு வாங்கப்படுகிறது. டெண்டர் என்றால் குறைந்த விலை சொன்னவருக்கு முதல் மரியாதை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நீண்ட காலம் நெய் கொடுத்துவந்த கர்நாடகப் பால் கூட்டமைப்பு, 2023-ல் போட்டியாளர்கள் சொன்ன விலைக்குத் தன்னால் கட்டுப்படியாகாது என்று ஒதுங்கியது. 2024-ல் தமிழ்நாட்டுப் பால் நிறுவனம் ஒன்று கிலோ சுமார் ரூ. 320 விலையில் சப்ளை செய்தது. அந்த ஆண்டு ஜூலையில் சந்தேகத்துக்குரிய டேங்கர்களின் மாதிரிகள் குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் வேற்றுக் கொழுப்பு இருக்கக்கூடும் என்றது அறிக்கை. பாமாயில், சோயா, சூரியகாந்தி தொடங்கி மீன் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு வரை சாத்தியப் பட்டியல் நீண்டது. பசுவின் தீவனம், உடல்நிலை போன்ற காரணங்களாலும் இத்தகைய முடிவு தவறாகத் தோன்றலாம் என்ற எச்சரிக்கையும் அதே அறிக்கையில் இருந்தது. சப்ளை செய்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

2024 செப்டம்பர் 18-ம் தேதி முதல்வர் சந்திரபாபு நாயுடு, முந்தைய ஆட்சிக் காலத்தில் லட்டுக்குக் கலப்பட நெய் பயன்பட்டதாகச் சொன்னதும் விவகாரம் நாடு முழுவதும் வெடித்தது. முந்தைய ஆளுங்கட்சி அதை அரசியல் பழி என்றது. செப்டம்பர் 23-ம் தேதி கோயிலில் சாந்தி ஹோமம் நடந்தது. விசாரணை முடியுமுன் முதல்வர் வெளியே பேசியது ஏன் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், அக்டோபர் 4-ம் தேதி சி.பி.ஐ. அதிகாரிகள் இருவர், மாநிலப் போலீஸ் அதிகாரிகள் இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி ஒருவர் கொண்ட ஐவர் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் நால்வர் கைதானார்கள்.

தொலைக்காட்சி விவாதங்கள் விலங்குக் கொழுப்பைச் சுற்றியே சுழன்றன. ஆனால் விசாரணை ஆவணங்களில் முன்னணிக்கு வந்தது சாதுவான ஒரு சரக்கு: பாமாயில். வடநாட்டுப் பால் நிறுவனம் ஒன்று பாலோ வெண்ணெயோ வாங்காமலே, பாமாயிலையும் பாம் கொட்டை எண்ணெயையும் வேதிப் பொருள்களையும் கொண்டு ‘நெய்’ தயாரித்தது என்றும், 2019 முதல் 2024 வரை சுமார் 68 லட்சம் கிலோ இப்படி நேரடியாகவும் பிற நிறுவனங்களின் பெயரிலும் தேவஸ்தானத்துக்கு வந்தது என்றும், அதன் மதிப்பு ஏறத்தாழ ரூ. 250 கோடி என்றும் 2025 நவம்பரில் விசாரணைக் குழு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியது. இவை குற்றச்சாட்டுகள், தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில். ஆனால் எண்களின் பரிமாணம் மலைக்க வைக்கிறது. 68 லட்சம் கிலோவும் லட்டுக்கே போயிருந்தால், திட்டக் கணக்குப்படி சுமார் 21 கோடி லட்டு. சராசரி விலை கிலோவுக்கு ரூ. 367.

நெய்யில் கலக்க ஏன் பாமாயில்? காரணம் அதன் குணத்திலேயே இருக்கிறது. கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் தங்கள் வாசனையாலேயே காட்டிக்கொடுத்துவிடும். சுத்திகரித்த பாமாயிலுக்கு மணமில்லை, நிறமில்லை, சொந்த ருசி என்று ஒன்றுமில்லை. அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. எனவே அறை வெப்பத்தில் நெய்யைப்போலவே பாதி உறைந்து, பாதி இளகி நிற்கும். அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயோ தேங்காய் எண்ணெயின் சகோதரி. விலையைப் பார்த்தால் ஆசை இன்னும் கூடும். 2024-ல் கிலோ நூறு ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே கிடைத்த சரக்கு, நெய் என்ற பெயர் பெற்றதும் மூன்று மடங்குக்கு மேல் விலை போகிறது.

கலப்படம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. டால்டா 1937-ல் சந்தைக்கு வந்து வனஸ்பதி பரவியபோதே நெய் வியாபாரிகளின் கை துறுதுறுத்தது. அதற்கு அரசு கண்டுபிடித்த வழி சுவையானது. வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் நல்லெண்ணெய் 5 சதவீதமாவது கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்லெண்ணெய் இருந்தால் எளிய ரசாயனச் சோதனையிலேயே சிவப்பு நிறம் தோன்றும். நெய்யில் வனஸ்பதி கலந்தால் மாட்டிக்கொள்ளும். அதாவது, கள்ளனின் சட்டையில் முன்கூட்டியே மணி கட்டிவிட்டார்கள். பாமாயிலுக்கு அப்படி மணி கட்டப்படவில்லை.

ஆனால் வேறு சோதனைகள் உண்டு. பால் கொழுப்பில் மட்டும் மிகுதியாக இருக்கும் சிறு கொழுப்பு அமிலங்களை அளப்பது ‘ஆர்.எம். மதிப்பு’. நல்ல நெய்யில் அது 28-க்குக் குறையக் கூடாது. பாமாயிலில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். தாவரங்களுக்கே உரிய ஸ்டெரால் வகைகள் நெய்யில் தென்பட்டாலும் கலப்படம் வெளிப்படும். இந்த ஆர்.எம். மதிப்பை ஏற்றிக் காட்டுவதற்காகவே அசிட்டிக் அமில எஸ்டர்கள் சேர்க்கப்பட்டன என்பது விசாரணைக் குழுவின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பரீட்சைக்கு என்ன கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் படித்த மாணவன் கதைதான்.

மலையிலிருந்து இறங்கித் திருப்பதியைத் தாண்டி மேற்கே போனால் சித்தூர் நாட்டின் செம்மண் தொடங்குகிறது. 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியும் வரை மலையும் சமவெளியும் ஒரே சித்தூர் மாவட்டம்தான். ஏரிகளும் பாறைக் குன்றுகளும் நிறைந்த, மழையை நம்பிய பூமி. இன்று இங்கே கண்ணில் படுவது மாந்தோப்புகள். கூழுக்கு உகந்த தோத்தாபுரி ரகம், நம் ஊர்ப் பேச்சில் கிளிமூக்கு மாங்காய். ஒரு தலைமுறைக்கு முன் இந்த நிலங்களில் பெரும்பகுதியை ஆண்டது வேர்க்கடலை. அண்டையிலுள்ள அனந்தப்பூர் ஒரு காலத்தில் நாட்டிலேயே அதிகம் கடலை விதைத்த மாவட்டம். திருப்பதியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை ரகங்களுக்கு நாராயணி, தரணி என்றெல்லாம் பெயர். பெருமாள் ஊரில் பிறந்த கடலைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

கடலை என்பது எண்ணெய் மட்டுமல்ல என்று இந்தப் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடியில் மழை பார்த்து விதைத்தால் ஐப்பசிக்குள் பிடுங்கலாம். பருப்பு செக்குக்கோ மில்லுக்கோ போகும். எண்ணெய் வீட்டுக்கும் சந்தைக்கும், புண்ணாக்கு மாட்டுக்கு. காய் ஆய்ந்த கடலைக் கொடி போராகக் குவிந்து கோடை முழுக்கப் பசுவுக்குத் தீனி. வேரோ மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒரே பயிர் மனிதனுக்கு எண்ணெயும் மாட்டுக்கு உணவும் நிலத்துக்கு உரமும் தந்தது. சித்தூர் மாவட்டம் பாலுக்குப் பெயர் பெற்றதற்கு இந்தக் கொடியும் புண்ணாக்கும் ஒரு காரணம். அந்த வகையில் மலைமேல் எரியும் நெய்யின் வேர், கீழே கடலைக் கொல்லையில் இருந்தது.

அந்தச் சங்கிலி அறுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. தொடர் வறட்சி, விதைச் செலவு, கூலி, காட்டுப்பன்றித் தொல்லை எல்லாம் சேர்ந்தன. பாசன வசதி உள்ளவர் மாவுக்கும் காய்கறிக்கும் மாறினார். ஆனால் வயலுக்கு வெளியே, டெல்லியில் நடந்த மாற்றமும் சேர்ந்துகொண்டது. சமையல் எண்ணெய் இறக்குமதிச் செலவு கட்டுப்படியாகாமல் 1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் நாட்டின் எண்ணெய் வித்து உற்பத்தி சுமார் இரு மடங்கானது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியா தன் எண்ணெய்த் தேவையை ஏறத்தாழ முழுதாகத் தானே பூர்த்தி செய்துகொண்டது. அதை ‘மஞ்சள் புரட்சி’ என்று கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 1994 ஏப்ரலில் பாமோலினை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று கதவு திறந்தது. வரி 65 சதவீதம். அடுத்த ஆண்டு அது 30 ஆனது, பிறகு 20, 1998-ல் 15. பின்னர் வரி ஏறியும் இறங்கியும் ஆடியது. விலைவாசி உச்சத்தில் இருந்த 2008-ல் கச்சா எண்ணெய்களுக்கு வரியே இல்லை என்றானது. வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்து இறங்கும்போது உள்ளூர்க் கடலைக்கு விலை கிடைக்காது. விலை இல்லாத பயிரை எத்தனை வருடம் விதைப்பது? இன்று இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன். மதிப்பு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் அளவில். அதில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ பாமாயில். உலகில் அதை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியாதான்.

இதில் பாமாயிலை மட்டும் வில்லனாக்குவது நியாயமல்ல. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2007 முதல் சிறப்புத் திட்டத்தில் பாமோலின் கிடைக்கிறது. லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் எண்ணெய் விலை எகிறிய நாட்களிலும் ஏழை வீட்டு வாணலி காயாமல் இருந்ததற்கு அந்தப் பாக்கெட்தான் காரணம். ஆந்திரத்திலும் ரேஷன் பட்டியலில் பாமோலின் வந்து போயிருக்கிறது. தெருவோர பஜ்ஜிக் கடை, பேக்கரி பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட், குளியல் சோப்பு என்று அது இல்லாத இடம் குறைவு. பலரும் அறியாமலே தினமும் சாப்பிடும் எண்ணெய் அது. சட்டமும் அனுமதிக்கிறது, பாக்கெட்டின் மேல் பெயர் இருக்கும் வரை. பெயரை மறைக்கும்போதுதான் அது கலப்படமாகிறது.

இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைத் திருப்பதியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பார்த்துவிடலாம். நெல்லூர் மாவட்டத்தில் உள்ள கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்தை ஒட்டி சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. வடக்கே காக்கிநாடாவிலும் அப்படியே. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வரும் கப்பல்கள் கச்சா பாமாயிலைக் குழாய் வழியே தொட்டிகளில் இறக்கிவிட்டுப் போகின்றன. செந்நிறமாக வருவது வெளுக்கப்பட்டு, மணம் நீக்கப்பட்டு, கெட்டிப் பகுதி பிரிக்கப்பட்டுப் பாமோலினாக லாரி ஏறுகிறது.

அந்தக் கப்பல்கள் புறப்படும் கரை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்கள் சுமத்ராவில் பரவின. மலேசியாவில் முதல் வணிகத் தோட்டம் 1917-ல் சிலாங்கூரின் தென்னமராம் எஸ்டேட்டில் உருவானது. ரப்பர் வெட்டப் போன தமிழர்களின் பிள்ளைகள், தோட்டங்கள் ரப்பரிலிருந்து மாறியபோது நீண்ட கழியில் அரிவாள் கட்டி இந்தக் குலைகளை அறுத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் செம்பனை. மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றும் அதுதான் பெயர். நம் பாமாயில் என்ற சொல்லைவிட எவ்வளவோ அழகானது. பிறகு எஸ்டேட்டுகள் வீட்டு மனைகளாகவும் நகரங்களாகவும் மாறியபோது அந்தத் தமிழ்க் குடும்பங்களில் பல லயன் வீடுகளை இழந்து வெளியேற நேர்ந்தது. அவர்கள் இடத்துக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள்.

செம்பனை உலகை வென்றதற்குக் காரணம் அதன் விளைச்சல். நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் பலன் தரும். நல்ல தோட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று முதல் நான்கு டன் எண்ணெய் கிடைக்கும். மழையை நம்பிய சித்தூர்க் கடலைக் கொல்லையில் ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு கிலோ எண்ணெய் தேறினால் பெரிது. பத்து மடங்கு வித்தியாசத்தை எந்த வரியாலும் நீண்ட நாள் தடுத்து நிறுத்த முடியாது. 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டினம் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதுவரை ஆட்களை வைத்துச் செய்த மகரந்தச் சேர்க்கையை வண்டுகள் செய்யத் தொடங்கின. விளைச்சல் இன்னும் கூடியது. இன்று உலகத் தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செம்பனையின் உபயம். அதில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் விளைகிறது. மலேசியாவையும் சேர்த்தால் சுமார் 85 சதவீதம். அதற்குக் கொடுத்த விலை காடு. 1997-லும் 2015-லும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் எரிந்த காடுகளின், கரிமண் நிலங்களின் புகை சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் மூச்சுத் திணறவைத்தது.

இரண்டு நாடுகளின் கையில் குடுமி இருந்தால் என்னவாகும் என்பதை இந்தியா 2022-ல் பார்த்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்ட நேரம். தன் நாட்டில் விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இந்தோனேசியா ஏப்ரல் 28-ம் தேதி பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-ம் தேதி தடை விலகியது. அந்த மூன்றரை வாரப் பதற்றம் திருப்பதி ஓட்டல்களின் பூரி வரை எட்டியது. சமையல் எண்ணெயின் விலை நாடெங்கும் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. எதிர்ப்பக்கமும் உண்டு. உள்நாட்டு விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா எண்ணெய் வரியை 20 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. லட்டு விவகாரம் வெடித்ததும் அதே வாரத்தில்தான். எண்ணெய் விலை ஏறியதும் நுகர்வோர் முனகினார்கள். 2025 மே மாத இறுதியில் வரியில் பாதி திரும்பப் பெறப்பட்டது. கடலை விவசாயிக்கும் வாணலிக்கும் இடையே நடக்கும் இந்தக் கயிறு இழுப்பு முப்பது ஆண்டாக ஓயவில்லை.

அப்படியானால் செம்பனையை இங்கேயே வளர்த்தால் என்ன என்ற கேள்விக்கு ஆந்திரத்திலேயே பதில் இருக்கிறது. ஏலூருக்கு அருகே பெதவேகியில் எண்ணெய்ப் பனைக்கென்று மத்திய ஆராய்ச்சி நிலையம் 1995 முதல் இயங்குகிறது. சுற்றிலும் தென்னைக்கும் கோகோவுக்கும் நடுவே பரந்த பனைத் தோட்டங்கள். இந்தியாவில் விளையும் பாமாயிலில் மிகப் பெரும் பங்கு ஆந்திரமும் தெலுங்கானாவும் தருவதுதான். 2021 ஆகஸ்டில் ரூ. 11,040 கோடியில் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்த மத்திய அரசு, 2025-26-க்குள் 10 லட்சம் ஹெக்டேர் என்று இலக்கு வைத்தது. குறித்த காலத்தில் அதை எட்ட முடியவில்லை. அறுத்த குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். எனவே ஆலை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆலைக்காரர் தரும் விலைதான் விலை. ஏக்கருக்கு 57 மரம். கோடையில் ஒரு மரத்துக்கே நாளுக்கு இருநூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். கோதாவரி டெல்டாவுக்கு அது ஒத்துவரும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறும் வறண்டுபோகும் சித்தூர் மேட்டு நிலத்துக்கு வராது.

சித்தூரிடம் இன்னும் மிஞ்சியிருப்பது பசு. கூட்டுறவுப் பண்ணை 2002-ல் மூடப்பட்டாலும், பல தனியார் பால் நிறுவனங்கள் இங்கே கொள்முதல் செய்கின்றன. காலையிலும் மாலையிலும் கிராமத்துச் சேகரிப்பு நிலையங்களில் கேன்களுடன் பெண்கள் வரிசை நிற்கிறார்கள். அங்கே பாலில் கொழுப்பு எவ்வளவு என்று கருவி சொல்லும். ஒரு புள்ளி குறைந்தாலும் விலை குறையும். இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்ணின் பாலுக்கு வேளைக்கு ஒரு பரிசோதனை. அந்தப் பாலிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நெய்க்கு, டேங்கர் டேங்கராக வந்த ஆண்டுகளில், இப்படிப்பட்ட கெடுபிடி இருந்ததா என்பதுதான் வழக்கின் உள்ளே உள்ள கேள்வி.

லிட்டருக்கு முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 25 லிட்டர் பாலுக்கு விவசாயிக்கு 750 ரூபாய் தர வேண்டும். கொழுப்பு எடுத்த பாலைப் பவுடராக்கி விற்றால் அதில் ஒரு பகுதி திரும்பும். அப்படியும் 320 ரூபாய்க்கு ஒரு கிலோ சுத்தமான பசு நெய் என்றால் வாங்குபவர் புருவம் உயர்த்தியிருக்க வேண்டும். நந்தினி நெய் 2024 ஆகஸ்டில் மீண்டும் மலையேறியபோது விலை கிலோ சுமார் ரூ. 475. வித்தியாசத் தொகையை லட்டுக் கணக்கில் பிரித்தால், ஒரு லட்டில் சேரும் 32 கிராம் நெய்க்கு ஐந்து ரூபாய்தான் கூடுதல். மலை ஏறிவந்த எந்த பக்தரும் அந்த ஐந்து ரூபாயைத் தர மறுத்திருக்க மாட்டார்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பால்வள வாரியம் நன்கொடையாகத் தந்த கருவிகளைக் கொண்டு திருமலையிலேயே நெய்யைப் பரிசோதிக்க ஏற்பாடாகியிருக்கிறது. முன்பு மாதிரிகள் வெளியூர் போய் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. இது நல்ல தொடக்கம். ஆனால் கருவி, வந்த சரக்கு எது என்று சொல்லும். வராத பாலைக் கறந்து தராது. தினமும் இரண்டரை லட்சம் லிட்டர் பாலின் கொழுப்பு வேண்டுமென்றால், அந்தப் பாலைத் தரும் மாட்டுக்குப் புண்ணாக்கும் கொடியும் வேண்டும். அதை விளைவிக்கும் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும். இந்த நாட்டின் மிகப் பெரிய நெய் வாடிக்கையாளர்களில் ஒருவரான கோயில், பாலின் விலை அறிந்து நெய்க்கு விலை வைத்தால், அதன் பலன் மலையடிவாரத்துத் தொழுவங்கள் வரை இறங்கும்.

திருப்பதிக் கடைத்தெருவில் மரச்செக்குக் கடலெண்ணெய்க்கு மீண்டும் கிராக்கி வந்திருக்கிறது. பாமோலின் பாக்கெட்டைவிட அதன் விலை பல மடங்கு. வசதியுள்ளவர்கள் வாங்கிப் போகிறார்கள். சில காலம் முன்பு வரை அதே எண்ணெய் இந்த மண்ணில் ஏழை வீட்டுச் சமையலில் சாதாரணமாகப் புழங்கியது.